டிராக்டர் எப்போது நின்றது? பழைய டீசல் இன்ஜினில் எரிபொருள் தடையைத் தேடும் முறை

ஓடிக்கொண்டிருந்த பழைய டிராக்டர் திணறி நின்றுவிட்டால், சுற்றியிருப்பவர்களின் விரல் உடனே டீசல் பம்பை நோக்கித்தான் நீளும். பம்பைக் கழற்றிச் சர்வீசுக்குக் கொடுப்பது, நாசில்களை மாற்றுவது என்று பேச்சு அங்கிருந்தே தொடங்கிவிடும். எரிபொருள் அமைப்பில் விலை மிகுந்த பாகம் அதுதான் என்பது உண்மை. ஆனால் எரிபொருள் தட்டுப்பாட்டுக்குக் காரணமாவதில் அது கடைசி வரிசையில் நிற்கிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை. பழைய டிராக்டர்களோடு மல்லுக்கட்டியதில் நான் கடைப்பிடிக்கத் தொடங்கிய முறை ஒன்றே ஒன்றுதான். எந்தப் பாகம் கெட்டது என்று ஊகிப்பதற்கு முன், இன்ஜின் எப்போது நின்றது என்று கேட்க வேண்டும். ஸ்டார்ட் ஆன ஒரு நிமிடத்திலா, அரை மணி நேரம் நன்றாக ஓடிய பிறகா, லோடு ஏறும்போது மட்டுமா, அல்லது இரவு முழுவதும் நின்றிருந்து காலையில் கிளம்ப மறுக்கிறதா? இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைத்துவிட்டால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

டீசல் போகும் வழியை முதலில் வரிசையாக மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். டேங்கின் அடியிலுள்ள டேப், நீரும் கசடும் தங்கும் கிண்ணம், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப், ஒன்றோ இரண்டோ ஃபில்டர்கள், டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் டீசல் பம்ப், அங்கிருந்து சிலிண்டருக்கு ஒன்றாகச் செல்லும் தடித்த இரும்புக் குழாய்கள், கடைசியாக டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்கள். இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசல் மெல்லிய ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக ஃபில்டருக்கோ டேங்குக்கோ திரும்பிவிடுகிறது. இந்த வழியை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம்: டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பகுதி, ஃபீட் பம்பிலிருந்து டீசல் பம்ப் வரை குறைந்த அழுத்தப் பகுதி, அதற்கு அப்பால் உயர் அழுத்தப் பகுதி. தளர்ந்துபோன ஒரு மூட்டு இந்த மூன்று பகுதிகளிலும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். உறிஞ்சும் பகுதியில் இருந்தால் ஒரு சொட்டு டீசலும் வெளியே தெரியாமல் காற்று உள்ளே போகும். குறைந்த அழுத்தப் பகுதியில் இருந்தால் டீசல் கசிந்து, மூட்டைச் சுற்றிப் புழுதி அப்பிக் கருத்திருக்கும். உயர் அழுத்தப் பகுதியில் இருந்தால் பீய்ச்சியடிக்கும். 'எங்கும் லீக் இல்லை, எல்லாம் காய்ந்துதான் இருக்கிறது' என்று சொல்லிக் காற்று புகுவதை மறுப்பவர்கள் உண்டு. உறிஞ்சும் பகுதி காய்ந்திருப்பது எதையும் நிரூபிப்பதில்லை.

ஸ்பானரை எடுப்பதற்கு முன் கண்ணால் பார்த்து முடிக்க வேண்டியவை சில உள்ளன. டேங்கில் டீசல் இருக்கிறதா என்பதை மீட்டரை நம்பாமல் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய டிராக்டரின் மீட்டர் பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான் இருக்கும். டேப் முழுவதும் திறந்திருக்க வேண்டும். ஸ்டாப் கேபிளை உள்ளே தள்ளிய பிறகு பம்பின் மேலுள்ள ஸ்டாப் லீவரும் தன் இடத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்று பம்பின் அருகே போய்ப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த கேபிள் குமிழை மட்டும் உள்ளே விட்டுவிட்டு லீவரைப் பாதி வழியில் பிடித்துவைத்திருக்கும். கேபிளுக்குப் பதிலாக மின்சார ஸ்டாப் சோலனாய்டு உள்ள வண்டியில், சாவியைத் திருப்பும்போது பம்பிலிருந்து 'டிக்' என்ற ஒலி கேட்க வேண்டும். ஒலி இல்லையென்றால் அங்கே 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்தது புகை. ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது சைலன்சரைக் கவனித்துப் பார்க்கும் ஒருவர் அருகில் இருந்தால் நல்லது. இன்ஜின் பிடிக்காவிட்டாலும் வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். அப்போது குளிர், கம்ப்ரஷன், ஹீட்டர், டைமிங் ஆகியவற்றின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. இந்தக் கட்டுரை பேசும் தொல்லை அதுதான். ஓடும்போது இழுவை குறைந்து கரும்புகை தள்ளினால், அது எரிபொருள் தட்டுப்பாடு ஆகாது. அங்கே டீசல் போதுமான அளவுக்கு வருகிறது, காற்றுதான் குறைகிறது. டீசல் ஃபில்டரை விட்டுவிட்டு ஏர் கிளீனரைத் திறக்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் டீசல் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர்.

இனி 'எப்போது' என்ற கேள்விக்கு வருவோம். ஸ்டார்ட் ஆகி நன்றாக ஓடுகிறது, சிறிது நேரம் கழித்து மூச்சுவாங்கி நிற்கிறது, கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் மறுபடியும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. இந்த வரிசை காட்டும் இடம் பெரும்பாலும் டேங்குதான். டேங்க் மூடியில் காற்று உள்ளே வருவதற்கு ஒரு சிறு துளை இருக்கும். புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தோ, பூச்சி கட்டிய மண்கூட்டினாலோ அது அடைந்துபோனால், டீசல் வெளியேற வெளியேற டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி ஃபீட் பம்பின் இழுப்பையே தோற்கடித்துவிடும். இன்ஜின் திணறத் தொடங்கும் அந்த நேரத்தில் மூடியைத் திறந்து பார்ப்பதே சோதனை: 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஒலி கேட்டு, இன்ஜினும் தெளிந்து ஓடினால் சிக்கல் தீர்ந்தது. துளையை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து மூடியைக் கழுவினால் போதும். துளையே இல்லாத வேறொரு வண்டியின் மூடியை மாட்டி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மூடியைத் திறந்தும் தெளியவில்லையென்றால், அதே அறிகுறியைத் தரும் இரண்டாவது காரணம் டேங்கின் உள்ளே மிதக்கும் குப்பை. ஒரு காய்ந்த இலையோ, மூடியின் உள்பக்க ரப்பரிலிருந்து உரிந்த துண்டோ, பழைய பெயின்ட் படலமோ டீசலின் ஓட்டத்தோடு மெல்ல நகர்ந்து வந்து வெளிவாயை மூடிக்கொள்ளும். இன்ஜின் நின்று இழுப்பு அடங்கியதும் அது மறுபடி விலகி மிதக்கத் தொடங்கும். அதனால்தான் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிட்டதுபோலத் தோன்றுகிறது. டேப்பின் அடியிலுள்ள குழாயைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்தில் காற்றை எதிர்த்திசையில் ஊதினால் தடை தற்காலிகமாக விலகும். ஆனால் குப்பை உள்ளேயேதான் இருக்கிறது. டேங்கைக் கழற்றிக் கழுவும் நாள் தள்ளிப்போகலாமே தவிர, தவிர்க்க முடியாது.

இங்கிருந்து மேலே போவதற்கு என் மதிப்பில் மிகச் சிறந்த சோதனை ஓட்டத்தைக் கண்ணால் பார்ப்பதுதான். டேப்புக்கு அடுத்த மூட்டைக் கழற்றி ஒரு சுத்தமான பாத்திரத்தில் டீசலை விட்டுப் பார்க்க வேண்டும். டேங்க் இன்ஜினைவிட உயரத்தில் இருக்கும் வண்டிகளில் டீசல் தானாகவே குழாயின் முழு வாயளவுக்கு விழ வேண்டும். அதுவும் முதல் சில நொடிகளுக்கு மட்டும் விழுந்து, பிறகு நூலாக மெலிந்தால், அடைப்பு அந்த இடத்துக்கு மேலே இருக்கிறது. அவசரக்காரர்கள் முதல் வீச்சைப் பார்த்துவிட்டு 'டீசல் நன்றாக வருகிறது' என்று மூட்டை இறுக்கிவிடுவார்கள். குழாயில் தேங்கியிருந்ததுதான் அது. குறைந்தது ஒரு லிட்டராவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஃபில்டருக்குள் போகும் மூட்டு, ஃபில்டரை விட்டு வெளியே வரும் மூட்டு, டீசல் பம்புக்குள் நுழையும் மூட்டு என்று ஒவ்வொன்றாக இதே சோதனையைச் செய்துகொண்டே போனால், ஓட்டம் எந்த இரண்டு மூட்டுகளுக்கு நடுவே மெலிகிறதோ அங்கேதான் நோய்.

ரப்பர் ஹோஸ் உள்ள வண்டிகளில் ஒரு தந்திரமான குறை வரும். வெளியே வெடிப்பில்லாமல் நன்றாகத் தெரியும் ஹோசின் உள்சுவர் டீசலில் ஊறி உரிந்து, ஒரு நாக்குபோலத் தொங்கிக்கொண்டிருக்கும். மெதுவான ஓட்டத்தில் அது வழிவிடும். ஓட்டம் வேகமாகும்போது எழுந்து வழியை அடைக்கும். எதிர்த்திசையில் ஊதினால் காற்று தாராளமாகப் போகும் என்பதால் ஊதிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வயது தெரியாத ஹோசைச் சோதித்துக்கொண்டிருப்பதைவிட, டீசலுக்கென்று தயாரித்த புதிய ஹோசைப் போட்டுவிடுவதே அறிவுடைமை.

லோடு ஏறும்போது மட்டும் இழுவை குறைகிறது, வெறும் ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை என்றால் முதல் சந்தேகம் ஃபில்டர்மீதுதான். ஐடிலில், அதாவது லோடில்லாத மெதுவான ஓட்டத்தில், இன்ஜின் குடிக்கும் டீசல் மிகக் குறைவு. பாதி அடைந்த ஃபில்டரும் அந்த அளவைக் கொடுத்துவிடும். கலப்பை மண்ணில் இறங்கியதும் தேவை பல மடங்காகிறது, அப்போதுதான் பற்றாக்குறை வெளிப்படுகிறது. டீசல் பம்பில் டீசலை அழுத்தும் பிளஞ்சர் என்ற தண்டுக்கும் அது நகரும் பேரல் என்ற உறைக்கும் இடையே உள்ள இடைவெளி 2, 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில்தான் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதோடு வைத்துப் பார்த்தால், ஃபில்டர் எதற்காகத் தன்னையே அடைத்துக்கொள்கிறது என்பது புரியும். அதனால் ஃபில்டரின் காகித எலிமென்டைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. கழுவும்போது வெளிப்பக்கத்து அழுக்கில் ஒரு பகுதி உள்பக்கத்துக்கு வந்துவிடுகிறது. அது அங்கிருந்து நேராகப் பம்புக்குத்தான் போகும்.

பழைய டிராக்டர்களில் பரவலாகக் காணப்படும் சி.ஏ.வி. வகை ஃபில்டரில், நடுப் போல்ட் ஒன்று மேல்தலை, எலிமென்ட், அடிக்கிண்ணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். எலிமென்டோடு புதிய ரப்பர் வளையங்களும் வரும்: பெரியவை மேலும் கீழும் உட்காரும், நடுப் போல்ட்டுக்கு ஒரு சிறிய ஓரிங் உண்டு. பழைய வளையம் மேல்தலையின் பள்ளத்திலேயே கருத்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் அதன்மேலேயே புதியதையும் வைத்து முறுக்கிவிட்டால், இறுக்கமாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் அங்கே கசியும். கசிவை நிறுத்தப் போல்ட்டை இன்னும் முறுக்கினால் தலை நெளிந்துவிடும், அதற்குப் பிறகு எந்த வளையமும் அங்கே சரியாக உட்காராது. ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவரின் முனையால் பள்ளத்தை முழுச்சுற்றும் தடவிப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஃபில்டரின் அடிக்கிண்ணம் கண்ணாடியாக இருந்தால் அது ஒரு கொடை. டீசலைவிட நீர் கனமானது என்பதால் அடியில் தனியாகத் தங்கி நிற்கும். வண்டியை லேசாக அசைத்தால் மேலே உள்ள மஞ்சள் திரவத்துக்கும் கீழே உள்ள நிறமற்ற திரவத்துக்கும் இடையிலான கோடு தளும்புவது தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டில் பழுப்பாகவோ கருப்பாகவோ வழவழப்பான பாசிபோன்ற ஒன்று படிந்திருந்தால், அது நுண்ணுயிர்களின் வேலை: நீர் இருக்கும் இடத்தில் வேர்பிடித்து டீசலைத் தின்று வளரும் அவை, புதிய ஃபில்டரைக்கூடச் சில நாட்களில் அடைத்துவிடும். அப்படிப்பட்ட டேங்கில் ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு. டேங்கை வடித்துக் கழுவி, நீரை அடியோடு நீக்கிய பிறகுதான் ஃபில்டர் தாங்கும். நீர் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் பாதி காலியான டேங்கின் உள்சுவரில் இரவுக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகி வழிவதிலிருந்துதான். வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பிவிடுவது நல்லது என்று பெரியவர்கள் சொன்னதன் காரணம் இதுதான். பயோடீசல் கலந்த எரிபொருள் நீரைக் கூடுதலாகத் தன்னுள் பிடித்துவைத்திருக்கும். அதோடு டேங்கில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்த கசடையும் கரைத்துக் கிளப்பும். அத்தகைய எரிபொருளுக்கு மாறிய புதிதில் ஃபில்டர் விரைவாக அடைவதில் வியப்பில்லை. கடுங்குளிர்ப் பகுதிகளில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைப்பதும் உண்டு. அந்தத் தொல்லை வெயில் ஏறியதும் தானாகவே விலகிவிடுவதிலிருந்து அதை அடையாளம் காணலாம்.

இரவில் நன்றாக இருந்த வண்டி காலையில் மட்டும் நெடுநேரம் சுற்றினால்தான் பிடிக்கிறது, அல்லது பிடித்து ஒரு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது என்றால், அங்கே பேச வேண்டியது காற்றைப் பற்றித்தான். ஏதோ ஒரு மூட்டின் வழியே இரவெல்லாம் காற்று நுழைந்து, குழாயில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பி வடிந்திருக்கும். ஓடும்போதும் இதே கசிவு இன்ஜினின் ரேசை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். இன்ஜினின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர்தான் பழுது என்று எண்ணி அதைத் திருகத் தொடங்கும் முன் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். காற்று புகும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபைச் செருகிவிட்டு இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம். குமிழிகள் ஓடிவந்தால் கசிவு டேங்குப் பக்கம் இருக்கிறது. அங்கே தெளிவாக இருந்து பம்புக்குப் பின்னால் குமிழி தெரிந்தால், பம்பின் வாய் மூட்டிலோ பம்பிலேயோ இருக்கிறது. சோதனை முடிந்ததும் அந்த டியூபைக் கழற்றிவிட வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் டீசலில் விறைத்துப் பிறகு அதுவே வெடிக்கும்.

குமிழி எங்கிருந்து வருகிறது என்று இன்னும் நெருங்கிப் பார்க்க விரும்பினால், டேங்கையே ஒதுக்கிவிடும் முறை ஒன்று உண்டு. சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனை இன்ஜினைவிட உயரமான இடத்தில் பாதுகாப்பாகக் கட்டிவைத்து, அதிலிருந்து ஒரு ஹோசை நேராக ஃபீட் பம்பின் வாயில் மாட்டி இன்ஜினை ஓட்ட வேண்டும். இப்போது டிராக்டர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வேலை செய்தால் டேங்க், டேப், கிண்ணம், அவற்றுக்கு இடையிலான குழாய் ஆகியவற்றில்தான் குறை இருக்கிறது; அதே தொல்லை தொடர்ந்தால் அவை அனைத்தும் விடுதலை. எந்த அறிகுறியையும் ஊகத்துக்கு விடாமல் பாதையை இரண்டாக வெட்டிக் காட்டும் இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. ஏனோ பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை.

காற்று வாங்கும் இடங்களில் முதலிடம் செம்பு வாஷர்களுக்கு. குழாயின் வளைய முனையை இறுக்கிப் பிடிக்கும், டீசல் உள்ளே ஓடும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்டில் அந்த வளையத்தின் இருபுறமும் ஒவ்வொன்றாக இருக்கும் இவை, ஒருமுறை முறுக்கியதும் இறுகிக் கடினமாகிவிடும். அடுத்த முறை எவ்வளவு முறுக்கினாலும் சரியாக அமுங்காது. புதியது கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும், தற்காலிகமாக அது போதும். டெஃப்லான் டேப்பை எரிபொருள் மூட்டுகளில் சுற்றுவது தவறு. அதிலிருந்து பிய்ந்த நூல் பம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன மைக்ரான் கணக்கே சொல்லும். இரும்புக் குழாய் கிளிப்போடு உரசும் இடத்தில் ஊசிமுனைத் துளை விழுந்திருப்பதும் உண்டு; கிளிப்பை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

ஃபீட் பம்ப் இரண்டு வகை. இன்ஜினின் கேம்ஷாஃப்ட்டிலுள்ள கேம் என்ற மேட்டால் இயங்கும், உள்ளே டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு உள்ள டயாஃப்ரம் பம்ப், இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் கை லீவரோடு இருக்கும். அதன் மேல்மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய வலை உண்டு, ஆண்டுக்கணக்கில் யாரும் திறந்து பார்க்காத இடம் அது. கை லீவரை அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் உடனே பம்பைக் குறைசொல்லக் கூடாது: கேம் உச்சியில் நின்றிருந்தால் லீவருக்கு வேலையே இருக்காது. இன்ஜினை ஒரு முழுச்சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். வரிசைப் பம்பின் (சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளஞ்சர்கள் வரிசையாக அமைந்த டீசல் பம்பின்) உடம்பிலேயே பொருத்தப்பட்ட பிளஞ்சர் வகை ஃபீட் பம்பில் திருகித் திறக்கும் கைப்பிடி இருக்கும். அதனுள் உள்ள சிறு வால்வுகளின் கீழே ஒரு மண்துகள் சிக்கினாலும் இழுப்பு போய்விடும். கழற்றிக் கழுவினால் பெரும்பாலும் உயிர்பெறும். குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றி முடித்ததும் அந்தக் கைப்பிடியை மறுபடி அழுத்தித் திருகி மூடாவிட்டால் அதுவே காற்று வாங்கும் வாயாக மாறும்.

டயாஃப்ரம் பம்பில் ஒரு ஆபத்தும் உண்டு. டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருந்தால், விரல்களுக்கிடையே தேய்க்கும்போது ஆயில் நீர்த்துப்போய் டீசல் வாசனை அடித்தால், இன்ஜினை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. டீசல் பம்பின் ஷாஃப்ட் சீல் போனாலும் இதே அறிகுறி வரும் என்பதால், ஃபீட் பம்பை மாற்றிய பிறகு சில நாட்களுக்கு ஆயில் அளவைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எந்த மூட்டைக் கழற்றினாலும் கடைசியில் காற்று எடுத்தாக வேண்டும். டேங்கில் தொடங்கி டீசல் போகும் வரிசையிலேயே அதைச் செய்ய வேண்டும். ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கை லீவரை அடித்தால் முதலில் நுரை வரும், பிறகு குமிழிகள் கலந்த டீசல் துப்பித் துப்பி வரும், அதற்குப் பிறகு ஒரே சீராக வழியும். சீராக வழியத் தொடங்கியதும் நிறுத்திவிடாமல் இன்னும் பத்துப் பதினைந்து முறை அடித்து, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை மூட வேண்டும். லீவரை நிறுத்திவிட்டு மூடினால் அந்த இடைவெளியிலேயே ஒரு குமிழி ஏறிக்கொள்ளும். அடுத்தது டீசல் பம்ப். பாஷ் நிறுவனம் 1927இல் தொடர் உற்பத்தியைத் தொடங்கிய காலத்திலிருந்து அடிப்படை மாறாமல் வரும் வரிசைப் பம்புகளில், எரிபொருள் அறையின் பக்கவாட்டில் திருகு இருக்கும். சுழலும் ஒரே பாகம் எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசலைப் பங்கிடும், சி.ஏ.வி. டி.பி.ஏ. போன்ற சுழல்வகைப் பம்புகளில் இரண்டு திருகுகள்: பக்கவாட்டில், இரும்புக் குழாய்கள் பொருந்தும் ஹெட்டின் அருகே ஒன்று, மேலே கவர்னர் உறையில் ஒன்று. இரண்டையும் தளர்த்தி, கீழே உள்ளதை முதலிலும் மேலே உள்ளதைப் பிறகும் மூட வேண்டும்.

கடைசியாக இன்ஜெக்டர் முனையிலுள்ள குழாய் நட்டுகள். ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து, ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, நட்டுகளை முக்கால் சுற்று, ஒரு சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் டீசல் துடித்துத் துடித்து வெளியே வரும். வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்கலாம். எல்லாவற்றையும் இறுக்கி முடிக்கும் முன்பே இன்ஜின் பிடித்துவிடுவது வழக்கம். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் 15, 20 நொடிகளுக்கு மேல் சுற்றாமல் நடுவே ஆறவிட வேண்டும். பொறுமையிழந்து எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரேயை ஏர் கிளீனரில் அடிப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. இன்டேக்கில் ஹீட்டர் உள்ள இன்ஜினில் அது வெடித்துத் தீப்பிடிக்கக்கூடும். ஹீட்டர் இல்லாவிட்டாலும் பிஸ்டன் வளையங்களுக்குக் கேடு.

உயர் அழுத்தப் பகுதியில் வேலை செய்யும்போது மட்டும் விளையாட்டே கூடாது. ஃபீட் பம்ப் தரும் அழுத்தம் ஒரு பாரை, அதாவது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை, ஒட்டியது. பழைய இன்ஜின்களின் இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தமோ வகையைப் பொறுத்து ஏறத்தாழ 100 முதல் 250 பார். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோலச் சிறிதாகத் தெரிந்தாலும், சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை அது. வலி இல்லையென்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேடுவதற்கு விரலைப் பயன்படுத்தாமல் ஓர் அட்டைத் துண்டைக் குழாயின் அருகே நகர்த்திப் பார்க்க வேண்டும்.

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் ஆனால், கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு, ஐடிலில் ஓடும்போது இன்ஜெக்டர் நட்டுகளை ஒவ்வொன்றாகத் துணியால் மூடித் தளர்த்தலாம். எதைத் தளர்த்தும்போது ஓட்டத்தில் மாற்றமே தெரியவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யாதது. அங்கே டீசல் துடித்து வருகிறதென்றால் இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். வரவில்லையென்றால் பம்பைப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டரை அதற்குரிய சோதனைக் கருவியில் பொருத்திப் பார்க்காமல் நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்து, பம்பின் வாய்வரை டீசல் முழு ஓட்டமாகக் குமிழியில்லாமல் வந்து, அதற்குப் பிறகும் தொல்லை தொடர்ந்தால்தான் பம்பைக் குற்றஞ்சாட்டலாம். தேய்ந்த சுழல்வகைப் பம்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும் விதம் தனியானது: குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்தினால் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது, ஆறியதும் மறுபடி பிடிக்கும். சூட்டில் டீசல் மெலிந்து, தேய்ந்த இடைவெளி வழியே நழுவிவிடுவதால் ஸ்டார்ட்டரின் மெதுவான வேகத்தில் அழுத்தம் ஏறுவதில்லை. இன்ஜின் நின்றிருக்கும்போது பம்பின் ஹெட்மீது ஈரத்துணியைச் சிறிது நேரம் போர்த்தி வைத்து, அதன் பிறகு ஸ்டார்ட் ஆனால் ஐயம் தீர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சூடான பம்பின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. நெருக்கமான பாகங்கள் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். வரிசைப் பம்பில் இழுவை மட்டும் குறைந்திருந்தால், திரும்பும் குழாயின் முனையிலுள்ள ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங்கை முதலில் பார்க்க வேண்டும். அது தளர்ந்துபோனால் பம்பின் அறையில் அழுத்தமே நிற்காமல் டீசல் டேங்குக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். பம்பைக் கழற்றாமலே மாற்றக்கூடிய பாகம் அது.

பம்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதன் ஃபிளாஞ்சிலும் இன்ஜின் தகட்டிலும் டைமிங் குறிகள் நேராக நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, சுற்றுப்புறத்தை முதலில் கழுவி, கழற்றிய ஒவ்வொரு வாயையும் சுத்தமான மூடியால் அடைத்துக் கொடுக்க வேண்டும். பம்பு திரும்பி வருவதற்குள் டேங்கைக் கழுவி, குழாய்களை ஊதி, புதிய ஃபில்டரைப் போட்டு முடித்திருக்க வேண்டும். பம்பைப் பொருத்திய பிறகு அதன் வாய் மூட்டை இறுக்கும் முன், ஒரு லிட்டர் டீசலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வடித்து, நீரும் துகளும் இல்லை என்று பார்த்துவிட்டு இறுக்கலாம்.